இறங்காத கோடு

அந்தச் செயலி உருவாக ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனது. அக்கா கணவர் இதை என் காதுபட மட்டும் பதினொரு தடவை சொல்லியிருக்கிறார். அலுவலக நண்பர்களிடம், மேல்வீட்டுக்காரரிடம், குழந்தையைப் பார்க்க வந்த சித்தியிடம், ஒருமுறை குடிதண்ணீர் கேன் கொண்டுவந்தவரிடம். கேன்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிங்க சார், காலி கேன் எங்க?" என்றார். அந்தச் செயலிக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் அதுதான் நேர்மையானது.

குழந்தை பிறந்து அன்று நாலாம் நாள். அக்காவுக்குத் தையல் பிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனாள். அந்த ஆறு மணி நேரம் நாற்பது நிமிடத்தில் அவள் ஐந்து தடவை பால் கொடுத்தாள். நான் ஒன்பது துணி மாற்றினேன். அவர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒருமுறை எழுந்து அறைக்குள் வந்தார்.

"பாப்பாவுக்கு எந்தக் கலர் வைக்கலாம்? பிங்க்கா, மஞ்சளா?"

"எதுக்குங்க?" என்றாள் அக்கா.

"பட்டனுக்கு."

அவர் டயர் கம்பெனியில் விற்பனை மேலாளர். நிரல் எழுத ஒரு வரி தெரியாது. அதைக் குறையாக அவர் நினைக்கவில்லை. அதுதான் அவருடைய பெருமை. வேண்டியதை வாயால் சொன்னால் செய்து கொடுக்கும் ஒரு கருவி அவரிடம் இருந்தது. அதை அவர் 'தம்பி' என்று கூப்பிடுவார். "தம்பி, இதைக் கொஞ்சம் பெருசாக்கு." "தம்பி, சிவப்பு வேண்டாம், அபசகுனமா இருக்கு." தம்பி ஒவ்வொன்றுக்கும் "அருமையான யோசனை!" என்று தொடங்கிப் பதில் எழுதும். அவருடைய யோசனையை அருமை என்று சொல்ல இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லாததால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

நான் அவருக்கு மனதுக்குள் 'அரைமணி' என்று பெயர் வைத்திருந்தேன். எதைச் சொன்னாலும் "அரைமணி நேர வேலை, பண்ணிடலாம்" என்பார். அப்படிப் பண்ணியவை முப்பத்திரண்டு. குளிர்பெட்டியில் எத்தனை முட்டை இருக்கிறது என்று சொல்ல ஒன்று. வாங்கியதைச் சேர்க்க அக்கா மறந்ததில் ஒரு நாள் பெட்டியில் மைனஸ் நாலு முட்டை இருந்தது. வெளியே மழை பெய்கிறதா என்று சொல்ல ஒன்று. அதை அவர் ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு பார்ப்பார். குப்பையை இன்று யார் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று சொல்ல ஒன்று. அது ஓடிய நாற்பது நாளும் அக்கா பெயரையே சொன்னது. "ரேண்டமாத்தான் எடுக்குது, நான் என்ன பண்ண?" என்றார்.

எதுவும் இரண்டு மாதம் தாண்டவில்லை. யாருக்கும் நஷ்டமும் இல்லை. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. பொதுவாகவே நான் பேசுகிறவள் இல்லை. அவர் எதிரில் சுத்தமாகவே இல்லை. "சரி மாமா", "இல்ல மாமா", "சாப்பிடுங்க மாமா". மூன்று வருடத்தில் அவரிடம் நான் பேசியது இவ்வளவுதான். அவர் என்னை 'சயின்டிஸ்ட்' என்று கூப்பிடுவார். நான் ஒரு மாவு ஆலையின் லேபில் வேலை பார்க்கிறேன். மாவில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று நாள் முழுக்க எடை போடுவேன். "என்ன சயின்டிஸ்ட், இன்னிக்கு என்ன கண்டுபிடிச்சீங்க? மாவுல மாவு இருக்கா?" என்பார். தினமும் அதே கேள்வி. தினமும் அவரே சிரித்துக்கொள்வார்.

இந்த முப்பத்து மூன்றாவது செயலி அப்படி விளையாட்டாக ஆரம்பிக்கவில்லை. குழந்தை பிறந்தபோது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிராம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது இருநூறு கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. முதல் சில நாள் குறைவது வழக்கம்தான், ஆனால் இது கொஞ்சம் கூடுதல் என்றார் மகப்பேறு வார்டு நர்ஸ்.

"தினமும் காலைல ஏழு மணிக்கு, பால் கொடுக்கறதுக்கு முன்னாடி, துணி இல்லாம எடை போடுங்க. எழுதி வைங்க. ரெண்டு வாரத்துக்குள்ள பிறந்த எடைக்கு வந்துடணும். பத்தொன்பதாம் நாள் காலைல பத்து மணிக்கு நான் கூப்பிடுவேன். ஏறியிருந்தா நீங்க வர வேண்டாம். ஏறலன்னா அன்னிக்கே தூக்கிட்டு வந்துடுங்க, டாக்டர் பார்க்கணும்."

எழுதி வைக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். என் பையில் இரண்டும் இருந்தன. எடுத்து நீட்டினேன்.

"நோட்டா?" என்றார் அரைமணி. ஒரு கல்வெட்டைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். "அரைமணி நேர வேலை."

ஐந்தாம் நாளில் இருந்து அக்கா எடை போட்டாள். வாங்கிவந்த எடை மெஷின் நன்றாகவே இருந்தது. தொட்டில் மாதிரி குழிந்த தட்டு, கீழே எண்கள். எண்ணைப் பார்த்து அக்கா தன் போனில் போடுவாள். ஒரு பச்சைக் கோடு வரும். வீட்டில் மூன்று பேர் போனிலும் அது தெரியும். கீழே "சபாஷ் அம்மா!" என்று எழுத்து துள்ளும். ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள் மூன்று புள்ளிகள். மூன்றும் படியிறங்கின.

ஏழாம் நாள் மாலை நான் வேலை முடிந்து வந்தபோது அவர் அக்காவிடம் போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? இப்பத்தானே போட்டுக் கொடுத்தேன். அதுக்குள்ள இப்படி இறக்கி வச்சிருக்க?"

"நான் எங்க இறக்கினேன்? மெஷின்ல அதான் வந்துச்சு."

"ஒழுங்கா பால் கொடுத்தா ஏன் இறங்குது? ஆபீஸ் குரூப்ல இதை எப்படிப் போடறது? பார்க்கவே அசிங்கமா இருக்கு."

அசிங்கமாக இருந்தது கோடு. குழந்தையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் லேப்டாப் முன் உட்கார்ந்தார். நான் சமையலறையில் குழந்தையின் துணிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவர் தம்பியிடம் சத்தமாகத்தான் பேசுவார்.

"தம்பி, கோடு இப்படி உடைஞ்சு உடைஞ்சு வரக் கூடாது. இறங்கவே கூடாது. அழகா மேல போகணும். ஏதாவது நாள் எண் போடாம விட்டாலும் காலியா விடாத. நீயே போட்டுக்கோ."

எங்கள் லேபில் ஒரு விதி உண்டு. பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் குறுக்கே கோடு கிழித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போன வருடம் ஒருவர் மதியத்துக்கும் மாலைக்கும் நடுவில் ஒரு எண்ணைத் தோராயமாக நிரப்பினார். நல்ல மனிதர், பதினாறு வருட சர்வீஸ். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

இது தெரிந்த நான் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோட்டை வழவழப்பாக்குகிறார், ஆக்கட்டும் என்று நினைத்தேன். எண் அக்கா கையில்தானே இருக்கிறது. இன்னொரு முட்டாள்தனம் என்று மனதுக்குள் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு அடுப்பை அணைத்தேன். அவரை மட்டமாக நினைப்பது எனக்கு ஒரு வேலை மாதிரி ஆகியிருந்தது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாளில் இருந்து கோடு ஏறியது. தினமும் முப்பது, நாற்பது கிராம். அவர் அதை ஆபீஸ் குரூப்பில் போட்டார். ஆஹா ஓஹோ என்று வந்தது. அந்த இரண்டு வாரமும் எங்கள் லேபில் தணிக்கை. வார விடுமுறைகூட இல்லை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவேன். பேருந்தில் நின்றுகொண்டே போனைத் திறந்து பச்சைக் கோட்டைப் பார்ப்பேன். ஏறியிருக்கும். குழந்தை அதிகம் அழுவதில்லை, நிறையத் தூங்குகிறது. சமத்து என்று நினைத்தேன். எனக்குக் குழந்தைகளைப் பற்றித் தெரியாது. எண்கள் தெரியும். அதனால் எண்ணை நம்பினேன்.

பத்தொன்பதாம் நாள்தான் எனக்கு விடுமுறை கிடைத்தது. எடை போட ஆரம்பித்த பிறகு அன்றுதான் முதன்முறையாகக் காலை ஏழு மணிக்கு வீட்டில் இருந்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் சுற்றியிருந்தது. அவர் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு என் போன் மணி அடித்தது.

"இன்றைய எடை 3,130 கிராம். சபாஷ் அம்மா!"

நான் மடியைப் பார்த்தேன். குழந்தை அங்கேதான் இருந்தது.

எடை மெஷின் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் செருகிக் கிடந்தது. தட்டில் தூசு. அழுத்தினேன், உயிர் வரவில்லை. பின்பக்கம் திறந்தால் பேட்டரி இரண்டும் இல்லை. டிவி ரிமோட்டைத் திறந்தேன். அங்கே இருந்தன.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்தே இருந்தது. தம்பியோடு அவர் பேசியது முழுக்க அதில் இருந்தது. ஏழாம் நாளுக்குப் போய்ப் படித்தேன். "அருமையான யோசனை! நீங்கள் கேட்டபடி மாற்றிவிட்டேன்." அதன் கீழே என்னென்ன மாற்றினேன் என்று பத்துப் பன்னிரண்டு வரி. கடைசி வரி: "குறிப்பு: பதிவு இல்லாத நாட்களில் காட்டப்படுவது சராசரி வளர்ச்சியை வைத்து மதிப்பிட்ட எண் மட்டுமே, உண்மையான எடை அல்ல. மருத்துவ முடிவுகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்." அதற்கு அடுத்து அவர் எழுதியிருந்தது ஒரே வார்த்தை. "சூப்பர்."

தம்பி சொல்லியிருக்கிறான். அண்ணன் படிக்கவில்லை.

பேட்டரியை மாற்றினேன். மெஷினைச் சமதரையில் வைத்தேன். பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். ஆயிரத்து நான்கு. நான்கு கிராம் உறைக்கு. சரியாகத்தான் இருந்தது. குழந்தையின் துணிகளைக் கழற்றினேன். சட்டைக்குள் இவ்வளவு சின்னதாக ஒரு உடம்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மாலையில் நான் தூக்கியதெல்லாம் துணியைத்தான் போலிருக்கிறது. தொடையில் தோல் மடிந்து தொங்கியது. மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் ஒரே எண். அதை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அக்கா எழுந்துவிட்டாள். மெஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அதை எதுக்குடி எடுத்த?"

"நீ எப்ப கடைசியா இதுல போட்ட?"

அவள் குழந்தையை வாங்கிப் போர்த்தினாள்.

"அக்கா. உன்னைத்தான் கேக்கறேன்."

"அன்னிக்கு அவர் கத்தினார்ல, அன்னிக்குக் காலைல போட்டதுதான். மறுநாள் எடுக்கவே கை வரல. இன்னும் இறங்கியிருந்தா? பார்த்தா ஏறியிருந்துச்சு. ஒருவேளை அவர் போட்டிருப்பார்னு நெனச்சேன்."

"அவரா? அவரு குழந்தையத் தூக்கியே நாலு நாள் ஆகுது."

"தெரியும்." போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "நெனச்சேன்னு இல்லடி. நெனச்சுக்கிட்டேன்."

உள்ளங்கையைக் காட்டினேன். படித்தாள். அழவில்லை. என் கையைப் பிடித்து மூடினாள்.

"அவர்கிட்ட சொல்லாத."

"பத்து மணிக்கு நர்ஸ் கூப்பிடுவாங்க. அவர் அந்த எண்ணைத்தான் சொல்லுவார். சொன்னா வர வேண்டாம்பாங்க."

"நாளைக்கு நாமளே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். கடைக்குப் போறோம்னு சொல்லிட்டு. எனக்குப் பால் பத்தலன்னு ஆயிடும்டி. இவ்வளவு நாள் மறைச்சேன்னு வேற ஆகும். ஒவ்வொரு தடவையும் சொல்லிக் காட்டுவார். அவரை உனக்குத் தெரியாதா?"

"நாளைக்கு வேண்டாம்க்கா. இன்னிக்கு."

"அப்ப நீயே போய்ச் சொல்லு, பார்க்கலாம்," என்றாள் எரிச்சலோடு. நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு நிச்சயம். இருபத்து நாலு வருடமாக என்னைப் பார்க்கிறவள்.

போனேன். அவர் காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தார். மேலே சட்டை, கீழே அரைக்கால் டவுசர். நான் கதவருகே நிற்பதைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். ஒரு நிமிடம் என்று அர்த்தம். அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் அந்தச் செயலியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார், ஆறு மணி நேரம் நாப்பது நிமிஷம். மொத்தமே அவ்வளவுதான். இதே மாதிரி நம்ம டீலர்களுக்கும் ஒண்ணு பண்ணலாம். விற்பனை இறங்கவே இறங்காது."

நான் கேட்டது அதோடு பன்னிரண்டு தடவை ஆனது. பதின்மூன்றாவது தடவையும் கேட்டிருக்கலாம், இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால். விரல் தூக்கியபடியே இருந்தது. நான் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு நிம்மதியா, ஏமாற்றமா என்று தெரியவில்லை.

குழந்தை பால் குடித்தது. நாலு இழுப்பு, பிறகு தூக்கம். பாதத்தைத் தட்டினால் இன்னும் இரண்டு இழுப்பு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரமாக இது நடந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பத்து மணிக்கு அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தார். நல்ல செய்தி சொல்லும்போது அவருக்கு ஆட்கள் வேண்டும்.

"வணக்கம் சார். வார்டுல இருந்து பேசறேன். பாப்பா இன்னிக்கு எவ்வளவு?"

"மூவாயிரத்து நூத்தி முப்பது!" என்றார். ஏலம் முடிந்த மாதிரி இருந்தது.

"பரவாயில்லையே, நல்லா ஏறியிருக்கு. அப்ப இன்னிக்கு வர வேண்டாம் சார். அடுத்து தடுப்பூசிக்கு வந்தா போதும்."

"நர்ஸ், ஒரு நிமிஷம், நானே ஒரு ஆப் பண்ணியிருக்கேன். உங்க வார்டுக்குக்கூட..."

"நல்லது சார். அப்ப வச்சிடறேன்."

அக்கா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் கையை விரித்தேன். வியர்வையில் மை கலைந்திருந்தது. ஆனால் அந்த எண்ணைப் படிக்க எனக்குக் கை தேவைப்படவில்லை.

"ரெண்டாயிரத்து எழுநூத்திப் பத்து," என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசியது மாதிரி கேட்டது. அரைமணி திரும்பிப் பார்த்தார். குளிர்பெட்டி பேசியிருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"யாரும்மா அது?" என்றது போன்.

"நான்... தங்கச்சி. இவங்க தங்கச்சி. காலைல ஏழரைக்குப் போட்டேன். மூணு தடவை. மெஷினைச் சரிபார்த்துட்டுத்தான் போட்டேன்."

"ஒண்ணுமில்ல நர்ஸ்," என்று அவர் சிரித்தார். "இவ மாவு எடை போடறவ. குழந்தைய எடை போடத் தெரியாது. சயின்டிஸ்ட், நீ கொஞ்சம் சும்மா இரு."

"சார், நானூறு கிராம் வித்தியாசம் வருது. பிறந்த எடையைவிடக் கம்மி. எது சரி?"

"இதுதான் சரி! என்கிட்ட பதிவு இருக்கு நர்ஸ். ஒரு நாள்கூட விட்டுப் போகல. கோடு பாருங்க, எங்கயும் உடையல, எங்கயும் இறங்கல." பார்க்க முடியாத நர்ஸுக்காகப் போன் திரையைக் காற்றில் தூக்கிக் காட்டினார்.

"கோடு இருக்கட்டும் சார்," என்றார் நர்ஸ். குரல் மாறியிருந்தது. "தினமும் குழந்தையத் தூக்கி மெஷின்ல வைக்கிறது யாரு?"

"என் ஒய்ஃப்தான். வேற யாரு? ஏம்மா, சொல்லு. ஏழு மணிக்குக் கரெக்டா நீதானே வைக்கிற?"

அக்கா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த போனைப் பார்த்து, அதற்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"யாரும் வைக்கல. பன்னிரண்டு நாளா யாரும் வைக்கல."